தெருமுனையில் இருக்கும் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி: வடசென்னைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திங்கட்கிழமை காலையில் ஸ்டான்லி மருத்துவமனையின் புறநோயாளிகள் வரிசையில் ஒரு மணி நேரம் நின்றால் போதும், வடசென்னை முழுவதையும் பார்த்துவிடலாம். கொருக்குப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தவர், எண்ணூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர், வியாசர்பாடியிலிருந்து கைக்குழந்தையோடு வந்தவர் என்று எல்லோரும் அங்கே இருப்பார்கள். பேச்சுக் கொடுத்துப் பார்த்தால், சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், மூன்று நாள் சளி என்று பலர் சொல்வார்கள். இவை எல்லாவற்றுக்கும் அவர்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே இலவசமாக மருத்துவம் கிடைக்கிறது. அரை நாள் கூலியை விட்டுவிட்டு அவர்கள் இங்கே வந்திருக்க வேண்டியதில்லை.

நான் தண்டையார்பேட்டைக்காரன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி என்றால் சளி மாத்திரையும் குழந்தைக்குத் தடுப்பூசியும்தான். அதற்கு மேல் அங்கே என்ன இருக்கிறது என்று நாங்கள் கேட்டதில்லை. என் பெரியம்மாவின் கால் எங்களைக் கேட்க வைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் எதை எங்கே தேடுவது என்று பார்ப்போம்.

எந்தக் கதவைத் தட்டுவது?

வடசென்னையில் அரசு மருத்துவம் நான்கு அடுக்குகளாக இருக்கிறது. மிக அருகில் இருப்பது நகர்ப்புற நலவாழ்வு மையம். 2023 ஜூனில் தமிழ்நாடு முழுவதும் 500 மையங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர் என்று சிறிய குழுதான். காலை 8 மணி முதல் 12 வரை, மாலை 4 மணி முதல் 8 வரை என்பது இவற்றுக்கு வகுக்கப்பட்ட நேரம். வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த மாலை நேரம் பெரிய வரம்.

அடுத்தது நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். நாம் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி என்றும் பெரியவர்கள் டிஸ்பென்சரி என்றும் சொல்வது இதைத்தான். ஆய்வகம், மருந்தகம், தடுப்பூசி, கர்ப்பிணிப் பரிசோதனை எல்லாம் இங்கே உண்டு. சில நிலையங்களில் மாலை நேரத்தில் சிறப்பு மருத்துவர்கள் வருகிறார்கள். குழந்தை மருத்துவர் எந்தக் கிழமை, தோல் மருத்துவர் எந்தக் கிழமை என்பது நிலையத்துக்கு நிலையம் மாறும். வாசலில் உள்ள பலகையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேலே பிரசவமும் ஸ்கேனும் பார்க்கும் நகர்ப்புற சமுதாய நல மருத்துவமனை. அதற்கும் மேலே ஸ்டான்லி, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை, தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனை போன்றவை. கீழ்க் கதவில் நுழைந்தவர்களுக்கு மேல் கதவு எளிதாகத் திறக்கும். கையில் பரிந்துரைச் சீட்டும் பழைய பரிசோதனை முடிவுகளும் இருந்தால், பெரிய மருத்துவமனையில் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்காது.

உங்கள் தெரு எந்த நிலையத்தைச் சேர்ந்தது என்று தெரியவில்லையா? பக்கத்து அங்கன்வாடி ஆசிரியையிடம் கேளுங்கள். சொட்டு மருந்து நாளில் அவர்கள் இணைந்தே வேலை செய்வதால் உடனே சொல்வார்கள். இல்லையென்றால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கோ, சுகாதாரத் துறையின் 104 எண்ணுக்கோ அழைக்கலாம். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஆறு மண்டலங்களில் எதில் இருந்தாலும் இது பொருந்தும்.

முதல் நாள் போகும்போது

ஆதார் அட்டையும் கைப்பேசியும் கையில் இருந்தால் பதிவு விரைவாக முடியும். ஆனால் ஆதார் இல்லை, ரேஷன் கார்டு இல்லை, வேறு மாநிலம் என்பதற்காகப் புறநோயாளியாகப் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்து யாரும் வீட்டில் படுத்துக்கிடக்க வேண்டாம். மணலியிலும் எண்ணூரிலும் வேலை செய்யும் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் பலர் இந்தப் பயத்தால்தான் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். உங்கள் வீட்டு மாடியில் அப்படி யாராவது வாடகைக்கு இருந்தால், ஒரு முறை நீங்களே அழைத்துப்போய் விடுங்கள். மொழி தெரியாத ஊரில் அது பெரிய உதவி.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் பெயர், வயது, ரத்த வகை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை எழுதுங்கள். ஓ.பி. சீட்டையும் பரிசோதனைத் தாளையும் அதிலேயே ஒட்டிவிடுங்கள். தலையணைக்கு அடியிலும் பீரோவிலும் தேடும் வேலை அன்றோடு முடிந்துவிடும். மருத்துவரிடம் சொல்ல வேண்டியதையும் முந்தைய இரவே இரண்டு வரியில் எழுதி வையுங்கள்: என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். வரிசை நீளமாக இருக்கும் நாளில் மருத்துவர் உங்களுக்குத் தரும் நேரம் குறைவு. அந்த நேரத்தை முழுதாகப் பயன்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மாத்திரை வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ‘தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல’ என்ற பொருளில் அச்சிட்டிருக்கும். ‘கவர்மென்ட் மாத்திரை வேலை செய்யாது’ என்று சொல்பவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் மாநிலம் முழுவதற்கும் மருந்து வாங்குகிறது. தரப் பரிசோதனை முடிந்த பிறகே அது மருந்தை வெளியே அனுப்புகிறது. கடையில் பளபளப்பான அட்டையில் வரும் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினும் இந்த மெட்ஃபார்மினும் ஒரே மருந்துதான். பெயர்தான் வேறு.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும்

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

என் பெரியம்மா காசிமேட்டில் மீன் விற்றவர். விடியற்காலை மூன்று மணிக்கு ஏலத்துக்குப் போய்விடுவார். காலெல்லாம் ஐஸ் தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் ஊறிக்கிடக்கும். சர்க்கரை இருப்பது தெரியும். மாத்திரை இருந்தால் போடுவார், தீர்ந்தால் தீர்ந்ததுதான். மாத்திரை வாங்குவதற்காக ஒரு நாள் நான் கூட்டிப்போனபோது, செவிலியர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்தை ஒரு ஸ்டூலின் மேல் தூக்கிவைத்தார். கையில் ஒரு மெல்லிய நைலான் இழை இருந்தது.

“கண்ணை மூடிக்கொள்ளுங்கள் அம்மா. நான் தொடும்போதெல்லாம் சொல்லுங்கள்.”

பெரியம்மா கண்ணை மூடினார். கட்டை விரலின் அடியில், நடுப் பாதத்தில், குதிகாலில் என்று செவிலியர் இழை வளையும்வரை அழுத்தி அழுத்தி எடுத்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு இடம் ஆயிற்று.

“எப்போது தொடப் போகிறாய் கண்ணு?” என்று பெரியம்மா கேட்டார்.

செவிலியர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து விரலிடுக்கை விரித்துப் பார்த்தபோது, அங்கே ஒரு கெளுத்தி முள் முறிந்து உள்ளேயே இருந்தது. சுற்றிலும் சதை வெளுத்துப்போயிருந்தது. எத்தனை நாளாக இருந்ததோ, அவருக்குத் தெரியவே இல்லை. முள்ளை எடுத்து, புண்ணைக் கழுவிக் கட்டி, அன்றே பரிந்துரைச் சீட்டு எழுதி ஸ்டான்லிக்கு அனுப்பினார்கள். கால் தப்பியது. இன்னும் இரண்டு வாரம் கழித்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே அறுவை சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்தவர்களைப் பார்த்தபோது புரிந்தது.

ஆகவே முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒரு முறை போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். மாடி ஏறி வந்த மூச்சோடு கையை நீட்டினால் எண் கூடத்தான் செய்யும். வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140க்கு 90ஐத் தாண்டியே இருந்தால் அது கவனிக்க வேண்டிய அழுத்தம். சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் வந்தால் நீரிழிவு என்று எடுத்துக்கொண்டு, மறுபடி பார்த்து உறுதி செய்வார்கள். பலகாரப் பொட்டலத்தைக் கையோடு எடுத்துப்போங்கள். முதல் ரத்தம் கொடுத்ததும் அங்கேயே சாப்பிட்டுவிட்டுக் காத்திருக்கலாம்.

நோய் உறுதியானால் தனியாகப் பதிவு செய்து மாதாமாதம் மாத்திரை தருவார்கள். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறோம். இரண்டு மாதம் சாப்பிட்டதும் எண் சரியாக வரும். ‘சரியாகிவிட்டது’ என்று நிறுத்திவிடுவோம். மாத்திரை சாப்பிடுவதால்தான் எண் சரியாக இருக்கிறது என்பதை வீட்டில் உள்ள யாராவது ஒருவர் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையை வாங்கிப் போடுவதும் வேண்டாம். அவருக்கு இருக்கும் சிறுநீரகம் வேறு, உங்களுடையது வேறு.

மாத்திரைக்குப் போகும் நாளில் மாத்திரையோடு திரும்பிவிடாதீர்கள். பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணின் விழித்திரைப் பரிசோதனையும் சிறுநீரகத்துக்கான பரிசோதனையும் கடைசியாக எப்போது எடுத்தோம் என்று கேளுங்கள். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1சி. பரிசோதனையைப் பற்றியும் கேளுங்கள். கேட்டால் எழுதித் தருவார்கள். கூட்டத்தில் அவர்களாகவே நினைவு வைத்துச் சொல்வது எல்லா நாளும் நடக்காது.

நடக்க முடியாத முதியவர் வீட்டில் இருந்தால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெயரைப் பதியுங்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய திட்டம் இது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரை தருவார். பக்கவாதம் வந்தவருக்கு இயன்முறை மருத்துவர் வருவார், படுக்கையோடு இருப்பவருக்கு வலி தணிப்புச் சிகிச்சை தரும் செவிலியர் வருவார். வரும் நாளைக் கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் தங்களுக்காகவும் போக வேண்டும்

குழந்தைக்கு ஊசி போட, மாமியாருக்கு மாத்திரை வாங்க என்று நிலையத்தின் வாசலை அதிகம் மிதிப்பவர்கள் பெண்கள்தான். அவர்கள் தங்களுக்காக ஒரு சீட்டு எடுப்பதைத்தான் அபூர்வமாகப் பார்க்கிறேன். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மார்பகம், கருப்பை வாய் இரண்டையும் பரிசோதிக்கும் வசதி இருக்கிறது. கருப்பை வாய்ப் பரிசோதனை சில நிமிடம்தான். ஒரு மருந்துக் கரைசலைத் தடவிப் பார்த்து, நிறம் மாறினால் மேல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். நிறம் மாறினால் புற்றுநோய் என்று பொருள் இல்லை. புற்றுநோய் ஆவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பிடித்துவிடுவதற்காகத்தான் இது. மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துப் போங்கள். கூச்சமாக இருந்தால் அக்காவோ நாத்தனாரோ யாரையாவது கூட்டிக்கொண்டு இருவருமாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். புகையிலை, பாக்கு போடும் பழக்கம் உள்ள ஆண்களும் பெண்களும் வாயைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஆறாத புண், வெள்ளைத் திட்டு இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

கருத்தடைக்கு ஆணுறை, மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி, காப்பர் டி எல்லாம் இலவசம். தனியாகப் பேச வேண்டும் என்று செவிலியரிடம் சொன்னால் காதும் காதும் வைத்தாற்போல் பேசிவிடலாம்.

கர்ப்பம் உறுதியானதும்

நாள் தள்ளிப்போனதும் போய்ப் பதிவு செய்யுங்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் செய்வது முக்கியம். அப்போது ஒரு பதிவு எண் தருவார்கள். எல்லோரும் பிக்மி எண் என்கிறார்கள். தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்க்கப்போகிறவர்களுக்கும் இந்த எண் வேண்டும். பின்னால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு இதைக் கேட்பார்கள். அவசரத்தில் இதற்காக அலைந்த தகப்பன்மார்களை நான் பார்த்திருக்கிறேன்.

கர்ப்பிணிகளுக்கான நாள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை. எடை, ரத்த அழுத்தம், ரத்த அளவு பார்த்து, இரும்புச் சத்து மாத்திரை, போலிக் அமிலம், ரண ஜன்னி ஊசி எல்லாம் தருவார்கள். குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. மசக்கையில் தவிக்கும் பெண்ணைப் பட்டினி போடாமல் கர்ப்ப கால நீரிழிவைக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டி, இந்த முறையை நாடெங்கும் கொண்டுசென்றவர் நம் சென்னையின் டாக்டர் வி. சேஷையா. அவர் பிறந்த நாளான மார்ச் 10 கர்ப்ப கால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவி 18,000 ரூபாய். அதில் 14,000 ரூபாய் தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வரும், மீதிக்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். 19 வயது நிறைந்தவர்களுக்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்குக் கிடைக்கும். கணக்கு கர்ப்பிணியின் பெயரிலேயே இருக்க வேண்டும். கணவர் பெயரிலோ அம்மா பெயரிலோ கொடுத்துவிட்டுப் பணம் வரவில்லை என்று அலைகிறவர்கள் உண்டு. ஆதாரில் அப்பா வீட்டுப் பெயர், வங்கியில் கணவர் பெயர் என்று இருந்தால் முதல் மாதத்திலேயே சரிசெய்துகொள்ளுங்கள்.

தலைவலியோடு கண் மங்குதல், முகம் வீங்குதல், ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருக்கக் கூடாது. 108ஐ அழையுங்கள், நேராக ஆர்.எஸ்.ஆர்.எம். போய்ச் சேருங்கள். பிரசவம் முடிந்து தாயும் சேயும் வீடு திரும்ப 102 வண்டி இலவசமாக வரும்.

புதன்கிழமை தடுப்பூசி

தடுப்பூசி நாள் புதன். பிறந்தவுடன், ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில், ஒன்பதாவது மாதத்தில், பிறகு ஒன்றரை வயதில், ஐந்து வயதில் என்று அட்டவணை போகும். அட்டையைக் கண்ணாடிப் பையில் போட்டு வையுங்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் மழையிலும் அட்டை நனைந்து போனவர்கள் இங்கே ஏராளம், ஆகவே ஒரு படமும் எடுத்து வையுங்கள். ஒரு தவணை தவறிவிட்டால் திட்டுவார்களோ என்று பயந்து அடுத்ததையும் விட்டுவிடாதீர்கள். எப்போது போனாலும் விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் உள்ள ஊசியைப் பெரும்பாலான வீடுகள் மறந்துவிடுகின்றன.

இரண்டு வார இருமல்

நெருக்கமான வீடுகள், ஜன்னல் இல்லாத அறைகள், புகை. நம் பகுதியில் இருமலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், எடை குறைதல், சளியில் ரத்தம் என்று எதுவாக இருந்தாலும் சளிப் பரிசோதனை கேளுங்கள். தொண்டையிலிருந்து எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயன் இல்லை. காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சு இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த கெட்டியான சளிதான் வேண்டும்.

காசநோய் என்று தெரிந்தால் பெரும்பாலோருக்கு ஆறு மாத மருந்து, முழுவதும் இலவசம். சத்தான சாப்பாட்டுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். மருந்து தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடாதீர்கள், அது மருந்தின் நிறம். கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால் உடனே மருத்துவரிடம் போங்கள். வீட்டில் உடன் இருப்பவர்களையும், முக்கியமாகக் குழந்தைகளையும், பரிசோதிக்க வேண்டும்.

காசநோய்க்காரரைத் தனித் தட்டு, தனி மூலை என்று ஒதுக்குவதை இன்னும் பார்க்கிறேன். சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம் இதே சென்னையின் ஏழைக் குடும்பங்களில் ஒரு சோதனை நடத்தியது. பாதிப் பேர் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில், பாதிப் பேர் தங்கள் நெருக்கமான வீட்டிலேயே மருந்து சாப்பிட்டார்கள். இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோலக் குணமானது. வீட்டில் வைத்து மருத்துவம் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய் மருத்துவத்தை மாற்றியது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவரை ஒதுக்கத் தேவையில்லை என்பதை உலகத்துக்குச் சொன்னதே நம் ஊர்தான்.

காய்ச்சல், நாய்க்கடி, நெஞ்சுவலி

ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும் போதும். வலி மாத்திரையோ ஆஸ்பிரினோ நீங்களாக வாங்கிப் போட வேண்டாம், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடிவிடும். இரண்டாவது நாளே போய் ரத்தம் பாருங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, மயக்கம், ஈறில் ரத்தம், சிறுநீர் குறைதல் இருந்தால் உடனே பெரிய மருத்துவமனை. மழை நீரில் நடந்து, சில நாள் கழித்துக் கெண்டைக்கால் வலியோடு காய்ச்சல் வந்தால், தண்ணீரில் நடந்ததை மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலை நினைத்துப் பார்க்க அது மருத்துவருக்கு உதவும்.

நாய் கடித்தால், கீறினாலும்கூட, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித் தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றே போய் ஊசி போடுங்கள். தோலில் போடும் ஊசிக்கு முதல் நாள், பிறகு அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்கள். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் வேண்டும், அதற்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நாயின் முகத்தைப் பார்த்து ‘நம் தெரு நாய்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். வெறிநோய் அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற வழி இல்லை.

நெஞ்சில் பாரம், இடது கையில் வலி, வியர்வை என்றால் வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். வண்டி வரத் தாமதமாகி, நிலையம் மிக அருகில் இருந்தால் அங்கே போங்கள். ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் முதல் மாத்திரைகள் அங்கே வைத்திருக்கிறார்கள். மருத்துவர் பார்த்துக் கொடுத்து அனுப்புவார். சாலை விபத்து என்றால் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் சாலையை ஒட்டி வாழும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மனசுக்கும் சீட்டு எடுக்கலாம்

தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை, குடியை விட நினைத்தும் முடியவில்லை, குழந்தை பிறந்த பிறகு அழுகை நிற்கவில்லை. இவற்றையும் அந்த மருத்துவரிடமே சொல்லலாம். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. 1794இல் தொடங்கி இப்போது அயனாவரத்தில் இருக்கும், ஊரில் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி என்றே சொல்லப்படும் மனநல மருத்துவமனையில் புறநோயாளியாகப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்புகிறவர்கள்தான் அதிகம். ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப் பெயரையே வசையாக்கி வைத்திருக்கிறோம். அந்த வசைக்குப் பயந்து எத்தனை பேர் வாசலிலேயே திரும்பினார்களோ. உங்கள் வீட்டில் அந்தச் சொல் அப்படிப் புழங்கினால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

மேல் சிகிச்சையும் காப்பீட்டு அட்டையும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். பீச் ஸ்டேஷனிலிருந்து நடந்துவிடலாம். நோய் வருவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அம்மா படுத்திருக்கும்போது வருமானச் சான்றுக்கு ஓடுவது எவ்வளவு கொடுமை என்று ஓடியவர்களுக்குத்தான் தெரியும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993.

மருந்து இல்லை, ஆள் இல்லை என்றால்

மருந்து இருப்பு இல்லை என்றால் எப்போது வரும் என்று கேளுங்கள், அதே மருந்து பக்கத்து நிலையத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல நேரம் அடுத்த வார்டில் இருக்கும். யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். சண்டையும் வேண்டாம். உள்ளே போய் மருத்துவ அலுவலரிடம் நேரில் சொல்லுங்கள், தேதியையும் நேரத்தையும் அந்த நாற்பது பக்க நோட்டிலேயே குறியுங்கள். தீரவில்லையென்றால் 1913, அதன் பிறகு மண்டல சுகாதார அலுவலகம். புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

நன்றாகப் பார்த்த நாளிலும் சொல்லுங்கள். என் பெரியம்மா இப்போதும் மாதம் ஒரு முறை போகிறார். நாற்காலியில் உட்கார்ந்ததும், யாரும் கேட்பதற்கு முன்பே, செருப்பைக் கழற்றி இரண்டு பாதங்களையும் ஸ்டூலின் மேல் வைத்துவிடுகிறார்.